ஆப்பிரிக்க சஃபாரிக்கு எந்த மாதம் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்யா, தான்சானியா பக்கம் மூன்று முறையும் தெற்கே ஒரு முறையும் போய்வந்திருக்கிறேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், மாடி வீட்டுக்காரர் என்று ஆள் மாற்றி ஆள் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். பெரும்பகுதி தான்சானியாவின் செரங்கெட்டி, அதை ஒட்டி எல்லைக்கு இந்தப் பக்கம் கென்யாவின் மாசாய் மாரா பற்றியது, ஏனென்றால் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மனத்தில் இருப்பது அதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது நல்ல மாதம்?

எதைப் பார்க்க ஆசை என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும். ஆற்றில் முதலைகளுக்கு நடுவே வில்டபீஸ்ட் (ஒரு வகைப் பெரிய மான்) மந்தை பாய்வதைப் பார்க்க வேண்டுமா, ஆகஸ்ட், செப்டம்பரில் மாரா ஆறு. பிறந்து ஈரம் காயாத குட்டிகளும் அவற்றைத் துரத்தும் சிவிங்கிப்புலிகளும் என்றால் பிப்ரவரியில் தெற்கு செரங்கெட்டி. கூட்டங்கூட்டமாக யானை வேண்டுமென்றால் செப்டம்பரில் தான்சானியாவின் தரங்கிரே பூங்கா. மே மாத லீவை விட்டால் வழியே இல்லை என்றால் கிழக்கு ஆப்பிரிக்காவை மறந்துவிட்டுத் தென்னாப்பிரிக்கா பக்கம் போங்கள். என் ஓட்டு பிப்ரவரிக்கு. காரணம் கீழே வருகிறது.

மிருகம் எப்போதும் காட்டில்தானே இருக்கும், மாதத்தில் என்ன இருக்கிறது?

இருக்கும், ஆனால் உங்கள் கண்ணில் பட வேண்டுமே. மழை பெய்தால் ஊரெல்லாம் குட்டையில் தண்ணீர் நிற்கும், யானைக்கும் மானுக்கும் ஆற்றங்கரைக்கு வர வேண்டிய தேவையே இருக்காது, எங்கே வேண்டுமானாலும் சிதறிப்போகும். புல்லும் இடுப்பளவு வளர்ந்துவிடும், அதற்குள் சிங்கம் படுத்திருந்தால் பத்தடி தள்ளி ஜீப்பில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது நுனிகூடத் தெரியாது. வெயில் ஏற ஏறக் குட்டைகள் வற்றும், புல் காய்ந்து படுக்கும், செடி இலையைக் கொட்டும், கடைசியில் மிச்சமிருக்கும் ஒரே ஆற்றுக்கோ குளத்துக்கோ எல்லா உருப்படியும் வந்தே ஆக வேண்டும். நீங்கள் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும்.

தரங்கிரேதான் இதற்கு நல்ல உதாரணம். ஜூலை முதல் அக்டோபர் வரை அந்த ஆற்றை ஒட்டிப் பெருக்க மரங்களின் அடியில் யானைக் கூட்டம் வந்தபடி இருக்கும். அதே இடத்துக்கு மார்ச்சில் போனால் மரமும் பச்சையும் அழகாக இருக்கும், யானைகளில் பெரும்பகுதி பூங்கா எல்லையைத் தாண்டிப் போயிருக்கும்.

அங்கே மழைக்காலம் எப்போது?

கென்யாவும் தான்சானியாவும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கோடை, குளிர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை, மழைதான் வருடத்தைப் பிரிக்கிறது. மார்ச் பாதியிலிருந்து மே வரை பெய்வது நீள மழை, சுவாஹிலியில் மாசிகா. நவம்பர், டிசம்பரில் வருவது குறு மழை, வூலி என்பார்கள். நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நேரத்தில்தான் அங்கே வூலி, ஆனால் குணம் வேறு. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வெளுத்துவிடும். காலை சஃபாரி கெடாது. ஜூன் முதல் அக்டோபர் வரை வறட்சி. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மழைக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி.

ஆனால் கேலண்டரை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019, 2023 ஆண்டுகளின் குறு மழை வெள்ளமாகவே கொட்டித் தீர்த்தது. 2024 மே முதல் வாரம் மாராவில் தாலெக் ஆறு கரைபுரண்டு கேம்ப்களுக்குள் புகுந்து, தங்கியிருந்தவர்களை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியதாயிற்று.

மைக்ரேஷன் மைக்ரேஷன் என்கிறார்களே, அது எந்த மாதம்?

எல்லா மாதமும். இது பலருக்குப் புரியாத விஷயம். பத்து லட்சத்துக்கும் மேலான வில்டபீஸ்ட்கள் (மாட்டுக் கொம்பு, ஆட்டுத் தாடி, குதிரை வால், கடவுள் மிச்சம் மீதியை ஒட்டவைத்தது போல் இருக்கும்), கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள், சின்ன மான்கள், எல்லாமே வருடம் முழுக்க மேய்ச்சலைத் தேடி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்த வட்டத்தில் எந்த இடத்தில் நீங்கள் போய் நிற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கில், நுடுட்டு ஏரியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்வெளியில் இருக்கும். ங்கோரோங்கோரோ மலைப்பக்கத்து எரிமலைகள் பழங்காலத்தில் கக்கிய சாம்பல் படிந்த மண் அது, அடியில் கெட்டிப் பாறை போல் இறுகிக் கிடப்பதால் மரம் வேர்விட முடியாது, புல் மட்டும்தான். அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிட என்ன வேண்டும். ஆனால் அங்கே நிரந்தரத் தண்ணீர் கிடையாது. மழை நின்றதும் கிளம்ப வேண்டும். ஏப்ரல், மேயில் நடு செரங்கெட்டி வழியாக மேற்கே நகரும். ஜூன் வாக்கில் குருமெட்டி ஆறு. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு கரையிலும் மாறி மாறி மேயும், வறட்சியிலும் அங்கேதான் தண்ணீர் ஓடும். நவம்பரில் குறு மழை விழுந்து தெற்கே பச்சை தட்டியதும் திரும்பி நடக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு டிராவல் ஏஜென்சி மே மாதத்தில் மாசாய் மாராவுக்கு "மைக்ரேஷன் ஸ்பெஷல்" விற்றது. அப்போது மந்தை எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில். அவர்கள் பார்த்தது நனைந்த புல்லும் நாலைந்து ஒட்டகச்சிவிங்கியும்தான்.

ஆகஸ்ட்டில் போனால் ஆறு கடப்பதைக் கட்டாயம் பார்க்கலாமா?

கட்டாயம் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். எப்போது இறங்க வேண்டும் என்று அந்த மந்தைக்கே தெரியாது. நாங்கள் ஒரு நாள் காலை எட்டு மணிக்கே மாரா கரையில் வண்டியை நிறுத்தினோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன, புழுதி எழும்பிச் சூரியனே மங்கிவிட்டது, கத்தல் ஓயவில்லை. ஒரு வரிக்குதிரை மட்டும் சரிவில் இறங்கி முன்னங்காலைத் தண்ணீரில் வைத்தது. எங்கள் வண்டியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தூரத்தில் ஒரு நீர்யானை உறுமியது, அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிட்டது. இப்படியே மூன்றரை மணி நேரத்தில் நாலு தடவை. பசி தாங்காமல் சாப்பிடக் கிளம்பிப் போனோம், திரும்பி வந்தால் கரை முழுக்க ஈரச் சேறும் குளம்புத் தடமும். கடந்து முடித்துவிட்டிருந்தன. அடுத்த நாள் சாப்பாட்டு டப்பாவை வண்டியிலேயே வைத்துக்கொண்டோம், அன்றைக்குப் பார்த்தோம், பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குச் செலவழித்த காசு தகும், பொய் சொல்ல மாட்டேன்.

அதனால் ஆற்றுக்காகப் போகிறவர்கள் ஆற்றுக்குப் பக்கத்திலேயே குறைந்தது நாலு இரவு வையுங்கள். கென்யா கரையில் ஆகஸ்ட்டில் வண்டிகள் கல்யாண மண்டபத்து வாசல் போல் முண்டியடிக்கும். தான்சானியா பக்கம் கோகாடெண்டேயில் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு நேரமும் பணமும் அதிகம்.

அப்புறம் ஏன் உங்கள் ஓட்டு பிப்ரவரிக்கு?

காத்திருக்கவே வேண்டியதில்லை என்பதால். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் இரண்டு மூன்று வாரங்களுக்குள் லட்சக்கணக்கான குட்டிகள் பிறந்துவிடுகின்றன. எல்லாத் தாய்களும் ஒரே சமயத்தில் ஈனுவதில் கணக்கு இருக்கிறது. சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனை தின்றாலும் தின்னத் தின்ன மீந்துபோகும் அளவுக்குக் குட்டிகள், அதனால் பெரும்பகுதி தப்பிப் பிழைக்கும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தாய் மந்தையிலிருந்து கொஞ்சம் விலகிப் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. குட்டி புல்லில் சரிந்து விழுந்து, மேலே பளபளவென்று சவ்வு ஒட்டியிருக்க, முதலில் பின்னங்காலை ஊன்றி எழப் பார்த்துக் குப்புற விழுந்தது. இரண்டாவது தடவை பக்கவாட்டில். நாலாவது தடவை நின்றது, கால்கள் நாலும் நாலு பக்கம். கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் தாயின் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் டிரைவர் பத்து வருடமாக இதைப் பார்ப்பவர், அவரும் என்ஜினை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு லாபம், நுடுட்டுப் பகுதி ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. இந்தச் சீசனில் அங்கே தடத்தை விட்டு இறங்கிப் புல்லிலும் வண்டி ஓட்ட விடுவார்கள், செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் அது கூடாது. குறை என்றால், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. என்ன செய்வது?

நம் ஊர்க்காரர்களின் பெரிய சிக்கல் இதுதான், ஏஜென்சிகள் வாயே திறக்காத விஷயமும் இதுதான். நம் முழுப்பரீட்சை லீவும் கிழக்கு ஆப்பிரிக்காவின் நீள மழையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மாராவிலும் செரங்கெட்டியிலும் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போலவே கறுப்பு மண், காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் டயரை விடாது. ஒரு ஏப்ரலில் அந்தச் சேற்றில் அச்சு வரை புதைந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கித் தள்ளலாமென்றால் அரை கிலோமீட்டர் முன்புதான் சிங்கத்தைப் பார்த்திருந்தோம். வேறொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தது.

மேயில் நல்ல இடம் தெற்கு. அங்கே மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை, மே வந்தால் குளிர்காலத் தொடக்கம், வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் தார் ரோடே போட்டிருக்கிறார்கள், நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் வண்டி ஓட்டுவது, வாடகைக் காரை நீங்களே எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றலாம், செலவும் கிழக்கைவிடக் குறையும். செடி கொடி இன்னும் முழுக்க உதிர்ந்திருக்காது, ஆகஸ்ட் போல அவ்வளவு தெளிவாகத் தெரியாது, பரவாயில்லை. கூடவே சாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் சாம்பேசி ஆற்றின் விக்டோரியா அருவி ஏப்ரல், மேயில்தான் முழு வெள்ளத்தில் இருக்கும். சாரல் மேலெழுந்து அருவியையே மறைத்துவிடும், ரெயின்கோட் இல்லாமல் நின்றால் உள்ளாடை வரை நனைவீர்கள். அக்டோபரில் போனால் சாம்பியா பக்கத்தில் பெரும்பாலும் வெறும் பாறைதான்.

தென்னாப்பிரிக்க விசா வர நேரம் பிடிக்கலாம், பரீட்சை டைம்டேபிள் வரும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

காலாண்டு, அரையாண்டு லீவில்?

காலாண்டு லீவு சின்னதுதான், ஆனால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்று மாராவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐரோப்பியப் பள்ளி விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், மந்தை பெரும்பாலும் இன்னும் அங்கேயே இருக்கும். மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் சுமார் ஆறு மணி நேரம், சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதுதான் கூடுதல் அலைச்சல். இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்துப் போட்டால் எட்டு நாள் பயணம் அமைந்துவிடும்.

அரையாண்டு எனக்குப் பிடிக்காது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நேரத்து விலை உச்சத்தில், மழை சுத்தமாக விட்டிருக்காது, குட்டிகளும் இன்னும் பிறந்திருக்காது. லண்டன், டொராண்டோ பக்கம் இருக்கிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் லீவு, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஆனால் விலையையும் அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

சீசனுக்கும் ஆஃப் சீசனுக்கும் விலை அவ்வளவு வித்தியாசமா?

மாசாய் மாரா நுழைவுக் கட்டணத்தையே பாருங்கள். 2024-இல் மாற்றிய கணக்குப்படி வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அறை வாடகையும் அதே மாதிரிதான் ஏறி இறங்கும்.

விலைக்காக நீள மழையில் போகலாமா என்றால், மூன்றாவது நாலாவது தடவை போகிறவர், கேமரா பைத்தியம், பறவை பார்ப்பவர், போகலாம். புழுதி அடங்கி, இடி மேகத்துக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம் விழும்போது எடுத்த என் படங்கள் ஆகஸ்ட் படங்களைவிட நன்றாக வந்திருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் நாரைகளும் மற்றப் பறவைகளும் நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை இருக்கும். வாழ்க்கையில் ஒரே தடவை போகிறவர் சேமித்த காசை மழையில் கரைக்க வேண்டாம்.

ஆப்பிரிக்காவில் குளிருமா என்ன?

குளிரும். ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு ஏறக்குறைய ஊட்டி உயரம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் விடிகாலை ஐந்தரைக்குத் திறந்த கூரை வண்டியில் கிளம்பும்போது காது விறைக்கும், பத்து மணிக்கு டி-ஷர்ட் போதும், மதியம் வியர்க்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய உடைகளாக எடுத்துப் போங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும், கொசுக்கடி மாதிரி இல்லை அது, ஊசி குத்துவது போல் இருக்கும். பல கேம்ப்களில் ராத்திரி நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது போர்வைக்குள் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் போவார்கள். முதல் நாள் தெரியாமல் கால் பட்டதும் ஏதோ மிருகம் என்று கத்தியவர்களை எனக்குத் தெரியும்.

யானைக்குப் பின்னால் கிளிமஞ்சாரோ நிற்கும் அந்தப் படம் எடுக்க?

அம்போசெலி, கென்யா. மாதத்தைவிட மணிதான் முக்கியம். 5,895 மீட்டர் மலை விடியற்காலையில் முகம் காட்டும், ஒன்பது மணிக்கெல்லாம் பெரும்பாலும் மேகத்துக்குள் போய்விடும், சில நாள் சாயங்காலம் எட்டிப்பார்க்கும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் நன்றாகத் தெளிந்திருக்கும். மலையிலிருந்து பூமிக்கடியில் வரும் தண்ணீர் அங்கே சதுப்பு நிலமாக ஊறுவதால் வறட்சியிலும் யானை இருக்கும். இரண்டு இரவாவது தங்குங்கள், ஒரே காலையை நம்பிப் போகாதீர்கள்.

போட்ஸ்வானா, நமீபியா, சாம்பியா?

நமீபியாவின் எட்டோஷாவும் சாம்பியாவின் தெற்கு லுவாங்வாவும் ஜூலை முதல் அக்டோபர் வரை. லுவாங்வாவில் அக்டோபர் வெயில் 40 டிகிரியைத் தொடும், மிருகம் பார்க்க அதுதான் நல்ல நேரம், மனிதர்களுக்குத்தான் கஷ்டம்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா மட்டும் தலைகீழ்க் கணக்கு. அங்கோலா மலைகளில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்த மழை நிதானமாக நகர்ந்து ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் டெல்டாவுக்கு வந்து சேர்கிறது. போட்ஸ்வானாவில் சொட்டு மழை இல்லாத நேரத்தில் வெள்ளம், கடலுக்குப் போகாமல் கலஹாரி மணலிலேயே வடிந்துபோகும் வெள்ளம். படகில் போய் யானை பார்க்க ஆசையென்றால் அப்போதுதான் போக வேண்டும்.

கொரில்லா?

உகாண்டா அல்லது ருவாண்டா, ஜூன் முதல் செப்டம்பர் ஆரம்பம் வரை, இல்லாவிட்டால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மலைக்காட்டில் ஏறி நடக்க வேண்டும், மழையில் வழுக்கும். பெர்மிட் மட்டுமே உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விட மாட்டார்கள்.

ஊசி, மலேரியா?

கென்யா, உகாண்டா போய்த் திரும்பும் இந்தியர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமையில் வைக்கலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மலேரியா மழைக்காலத்தில் அதிகம், வறட்சியில் குறையும், பூஜ்யம் ஆகாது. மாத்திரையை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் தென்னாப்பிரிக்காவில் பிலனஸ்பெர்க், மடிக்வே, அட்டோ போன்ற மலேரியா இல்லாத இடங்களைப் பார்க்கலாம்.

எவ்வளவு நாள் முன்பு பதிவு செய்ய வேண்டும்?

ஆகஸ்ட், செப்டம்பர் மாரா என்றால் ஒரு வருடம் முன்பே பார்க்க ஆரம்பியுங்கள், ஆற்றங்கரைக் கேம்ப்களில் இருப்பதே சில கூடாரங்கள்தான். பிப்ரவரிக்கும் இப்போது அதே நிலை வந்துவிட்டது. நவம்பருக்கு இரண்டு மாதம் போதும்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா, எந்த மாதம்?

தாராளமாக. சஃபாரியில் நடை கிடையாது, உட்கார்ந்தே பார்ப்பதுதான், ஆனால் ரோடு முதுகைப் பதம் பார்த்துவிடும். அதனால் மழை மாதங்கள் வேண்டவே வேண்டாம், முடிந்தால் நைரோபியிலிருந்து சின்ன விமானத்தில் போங்கள். ஆளுக்கு 15 கிலோ, அதுவும் துணிப்பையில், கெட்டிச் சூட்கேஸ் ஏற்ற மாட்டார்கள். எங்கள் அம்மாவை அறுபத்தேழு வயதில் ஒரு பிப்ரவரியில் கூட்டிப் போனேன். சிங்கம் வேட்டையாடியதைப் பார்த்தார், குட்டி பிறந்ததைப் பார்த்தார், சிவிங்கிப்புலி எங்கள் வண்டி நிழலிலேயே வந்து படுத்தது. ஊருக்கு வந்ததும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொன்னது வெந்நீர்ப் பையைப் பற்றித்தான்.